பிள்ளையாருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. வியப்பு, மகிழ்ச்சி, துயரம் இவற்றைச் சொல்லும்போது வாக்கியத்தின் கடைசியில் ஆச்சரியக்குறி போடவேண்டும் என்று அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் நடத்தியிருந்தார்கள். காருக்கு இந்த மூன்றில் எது வந்திருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன்.

"பேசாம வா," என்றாள் அம்மா. அவள் என்னிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

அந்தக் கார் அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. குவைத்திலிருந்து லீவில் வந்தவர், திரும்பிப் போவதற்குப் பத்து நாள் முன்னால், கும்பகோணத்தில் ஒருவரிடம் பேசி முடித்து ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கார். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்து விற்றது. எங்கள் ஊரிலிருந்து குடவாசலுக்கு ஒரு நாளைக்கு நாலு பஸ். அதில் ஒன்று வராது. எது வராது என்பது டிரைவருக்கு மட்டும் தெரியும். அவசரத்துக்கு யார் வீட்டு வாசலிலும் போய் வண்டி கேட்டு நிற்கக் கூடாது என்று அப்பா நினைத்தார். அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஒரு மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவள் முதல் தடவையாகத் தெருவில் ஓட்டிக்கொண்டு வந்தபோது டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது மரியாதையா, தப்பித்து ஓடுவதற்கான ஏற்பாடா என்று இன்றுவரை தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பா மட்டும் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். அவர் அப்பாவின் அண்ணன். எங்கள் பங்கு நிலத்தையும் சேர்த்து அவர்தான் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அப்பா வெளிநாடு போவதே அவருக்குப் பிடிக்கவில்லை. "இருக்குற நிலத்தை ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா சோறு இல்லாமயா போயிடும்?" என்று கேட்டாராம். அப்பா கேட்காமல் போனார். அதன்பிறகு கார் வந்தது. "பொம்பளைக்கு எதுக்குக் காரு? வித்துப்புட்டு ஒரு மோட்டாரு செட்டு போடச் சொல்லு," என்று பெரியம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினார். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். காரை விற்கவில்லை.

விளக்கு எரிந்த இரண்டாவது நாள், குடவாசலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து வயல்களெல்லாம் தாளும் வைக்கோலுமாகக் கிடந்தன. அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்து மந்தை வந்து இறங்குகிற காலம். வாய்க்கால் ஓரமாகவே போகிற அந்தச் சாலையில் ஒரு வளைவு திரும்பினால், முந்நூறு நானூறு வாத்துகள் ரோட்டை நிறைத்துக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தன. அம்மா பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. அவள் கால் பஞ்சு மெத்தையில் அழுந்துவதுபோல உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அம்மா இரண்டு மூன்று தடவை எடுத்தெடுத்து மிதித்தாள். பிறகு ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கார் குலுங்கி நின்றது. வாத்துகள் எங்களை ஒரு மேட்டைச் சுற்றுவதுபோல இரண்டு பக்கமும் பிரிந்து, பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. மேய்ப்பவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சிக்கலம்மா, போங்க," என்றார். அம்மா போகவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்த கையை எடுக்காமல் கடைசி வாத்து வாய்க்காலில் இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. நாளைக்கும் இந்த வழியாகவே வரலாமா என்று கேட்டேன்.

மறுநாள் ஊர்ந்து ஊர்ந்து குடவாசல் மெக்கானிக்கிடம் போனோம். அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பின் சக்கரத்தின் உள்பக்கம் விரலை வைத்து எடுத்து அம்மாவிடம் காட்டினார். விரல் ஈரமாக இருந்தது.

"பிரேக் ஆயில் ஒழுவுதுங்க. பின்னாடி ரெண்டு வீல் சிலிண்டரும் போயிடுச்சு. லைனிங்கும் ஆயில்ல ஊறிப்போச்சு. முன்னாடி மாஸ்டர் சிலிண்டரையும் சேத்து மாத்திட்டா அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்ல."

"எவ்வளவுங்க ஆவும்?"

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "எல்லாம் சேத்து நாலாயிரத்து எண்ணூறு ஆவும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அம்மா காரைப் பார்த்தாள். "ஒரு மாசம் கழிச்சுப் பண்ணிக்கலாமா?"

"இது பெயிண்ட் அடிக்கிற வேலை இல்லீங்களே," என்றார் மெக்கானிக். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆயிலை நிரப்பிக் கொடுத்தார். ஒரு சின்ன பாட்டிலையும் கையில் தந்தார். அளவு குறைந்தால் விளக்கு மினுக்கும், உடனே ஊற்றவேண்டும், விளக்கு அணையாமல் நின்று எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை என்னைப் பார்த்தும் சொன்னார்.

திரும்பி வரும்போது அம்மா காரை ஓரமாக நிறுத்தி, "இதைப் பெரியப்பா வீட்டுல யாருகிட்டயும் சொல்லக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றாள். தெரிந்தது. சொன்னால் காரை விற்கச் சொல்லிவிடுவார் என்று எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் காரில் வந்து இறங்குகிற ஒரே பெண் நான்தான். நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆனால் அதற்குப் பிறகு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுவிடுவதை நிறுத்திவிட்டாள். வாரம் ஒருநாள் மட்டும், ஆட்கள் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்த்து, மாட்டுவண்டி வேகத்தில் குடவாசல் பேங்குக்குப் போவோம். அம்மா உள்ளே போய்ப் பாஸ் புத்தகத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவாள். எதற்கு இவ்வளவு தூரம் வந்து இரண்டே நிமிடத்தில் திரும்புகிறாள் என்று நான் யோசித்ததுண்டு. பேங்கில் ஏசி இருக்கிறது, கொஞ்சம் குளிர்ச்சியாக நின்றுவிட்டு வருகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

பெரியப்பாவுக்குத் தாலுக்கா ஆபீஸில் பட்டா விஷயமாக ஒரு வேலை வந்தது. பஸ் வரவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தவர், அம்மா பேங்குக்குப் புறப்படுவதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வந்தார். ஒரு நிமிடம்தான் இருந்தது. அம்மா என் பென்சில் டப்பாவிலிருந்த பிள்ளையார் ஸ்டிக்கரைப் பிய்த்து, அந்த விளக்கு இருந்த இடத்தின்மேல் சரியாக ஒட்டினாள்.

பாலத்தில் திரும்பும்போது ஆயில் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கவேண்டும். விளக்கு எரிந்தது. ஸ்டிக்கர் மெல்லிய காகிதம். பிள்ளையார் உள்ளிருந்து சிவந்து, தொந்தி முழுக்க ஒளியாக ஜொலித்தார். பெரியப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி லைட்டா? நல்லா இருக்கே. எங்க வாங்குன?"

"வண்டியோடவே வந்தது அத்தான்," என்றாள் அம்மா.

"டிராக்டருக்கு ஒண்ணு கெடைக்குமா கேட்டுப் பாரு."

நான் பின்சீட்டில் முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் அம்மாவின் கண்கள் தெரிந்தன. அவள் சிரிக்கவில்லை.

பங்குனியில் பெரியப்பாவின் மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, ஒரத்தநாட்டில் மாப்பிள்ளை அமைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதென்று முடிவானது. சொந்தக்காரர்களுக்கு ஒரு வேன். பெரியப்பா, பெரியம்மா, தாம்பூலத் தட்டு இவை மட்டும் எங்கள் காரில். அம்மா ஓட்டக்கூடாது, மன்னார்குடியிலிருந்து வரும் பெரியம்மாவின் தம்பி ஓட்டட்டும் என்றார் பெரியப்பா. பெண் ஓட்டுகிற காரில் போய் இறங்கினால் நன்றாக இருக்காதாம். இத்தனை நாள் விற்றுத் தொலைக்கச் சொன்ன கார் அன்றைக்குக் குடும்பத்தின் கௌரவமாக ஆகியிருந்தது.

அம்மா வெள்ளிக்கிழமையே போய், சர்வீஸுக்கு விடவேண்டியிருக்கிறது, எல்லோருமே வேனில் போகலாமே என்று சொல்லிப் பார்த்தாள். "திங்கக்கெழமை விட்டுக்க," என்றார் பெரியப்பா. சனிக்கிழமை அம்மா பாட்டிலில் மிச்சமிருந்த ஆயில் முழுவதையும் ஊற்றினாள். நான்தான் புனலைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் தனியாகத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். விளக்கு எரியவில்லை. ஆனால் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தெருவே எங்கள் வாசலில் இருந்தது. வேன் நின்றது. பெரியம்மா பட்டுப்புடவையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். காரைத் தெருவில் திருப்பிக் கொடுப்பதற்காக அம்மா ஸ்டார்ட் செய்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையார் சிவந்தார். திருப்பி முடித்தாள். அப்போதும் சிவந்தே இருந்தார். கொஞ்சமும் மினுக்காமல் நின்று எரிந்தார். கார் நகர்ந்த இடத்தில், பின்சக்கரம் இருந்த மண்ணில், தோசைக்கல் அளவுக்கு ஓர் ஈரம்.

அம்மா இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"கார் வேண்டாம் அத்தான். எல்லாரும் வேன்லயே போயிடலாம்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"வேண்டாங்க."

பெரியம்மாவின் தம்பி கையை நீட்டினார். "சாவியைக் குடுங்கக்கா, நான் பாத்து ஓட்டுறேன். லாரியே ஓட்டுனவன்." அம்மா சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். ஏன் என்று கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாங்க, வேண்டாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பெரியம்மா தட்டோடு காரைவிட்டு இறங்கினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் கொழுந்தன் சம்பாதிச்ச காரு. என் பொண்ணு காரியத்துக்கு ஒரு நாளு குடுக்க மனசு வரல பாரு. நாங்க என்ன கேட்டோம் இவகிட்ட?"

அக்கா தன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் நடுவில் அம்மாவைத் திருடியைப் போல நிற்க வைத்திருக்கிறார்கள், அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள்? என்னால் தாங்க முடியவில்லை.

"அது சாமி லைட்டு இல்ல பெரியப்பா!" என்று கத்தினேன். "பிரேக் லைட்டு! வண்டியில பிரேக் இல்ல! உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பிள்ளையாரை ஒட்டுனோம்!"

பெரியப்பா என் அருகில் வந்து குனிந்தார்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை மாசமா. மெக்கானிக் நாலாயிரத்து எண்ணூறு கேட்டாரு. அம்மாகிட்ட அவ்வளவு இல்ல. வாரா வாரம் பேங்குக்குப் போறோம், பணமே…"

"போதும்," என்றாள் அம்மா. அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஊருக்கே கேட்கிறமாதிரி கத்த ஆரம்பித்தார்.

"இதுக்குத்தான் பொம்பளை கையில வண்டியைக் குடுக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்! தம்பி மாசா மாசம் கொட்டிக் குடுக்குறான். வண்டியை ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்ல! நேரத்துக்கு மெக்கானிக்கிட்ட விடணும்ங்கிற பொறுப்பு வேணாம்? பொறுப்பு இருந்தா இந்த நெலமைக்கு வருமா? பணத்துக்கா பஞ்சம்? பொறுப்புக்குத்தான் பஞ்சம்! ஏறுங்க, எல்லாரும் வேன்ல ஏறுங்க!"

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கூட்டத்துக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. பொறுப்பில்லாத பெண், பாழாய்ப்போன வண்டி. இரண்டு கிழவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே வேனில் ஏறினார்கள். நீடாமங்கலம் தாண்டுகிறவரை அதைப் பற்றித்தான் பேச்சு. அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ளவும் இல்லை. உயிர்களைக் காப்பாற்றிய எனக்கு இதுதானா மரியாதை என்று நினைத்தேன். பெரியப்பாவை அன்றைக்கு வெறுத்ததுபோல அதற்குமுன் யாரையும் வெறுத்ததில்லை. மாப்பிள்ளை வீட்டில் அவர் என் இலையில் வைக்கச் சொன்ன ஜாங்கிரியைத் தொடாமல் எழுந்தேன்.

திங்கட்கிழமை காலையில் குடவாசல் மெக்கானிக்கைத் தன் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெரியப்பா வந்தார். அம்மாவிடம் சாவியைக் கேட்டார். அவள் கொடுத்தாள். பின்சக்கரங்களைக் கழற்றி, காரைக் கல்லின்மேல் நிறுத்தினார்கள். வாங்குகிறவனுக்குக் காட்டத்தான் சரி செய்கிறார், விற்கப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இரண்டு நாள் வேலை நடந்தது. பெரியப்பா வயலுக்குப் போகாமல் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழற்றிப் போட்ட ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் மெக்கானிக்கோடு உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாசலில் காரை நிறுத்தி, சாவியை நிலைப்படிமேல் வைத்தார்.

"தம்பி என் பேருக்குப் பணம் அனுப்பியிருந்தான். வண்டிச் செலவுக்குன்னு சொல்லித்தான் அனுப்புனான். நான்தான் சொல்ல மறந்துட்டேன்," என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

"அப்படிங்களா அத்தான்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். எப்போது அனுப்பினார், எவ்வளவு என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கார் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், நின்றபடியே அதைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணைக் கார்லயே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குவைத்தில் அப்பாவின் கம்பெனி அப்போது ஐந்து மாதமாக யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். கேம்பில் பன்னிரண்டு பேர் கடனுக்கு அரிசி வாங்கிப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்களாம். "அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று அப்பா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பேச்சைத் தட்டிவிட்டுப் போனவருக்கு, அவர் முன்னால் தலைகுனியாமல் இருப்பது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அம்மா மறைத்தது விளக்கை அல்ல. நான் தெருவில் கத்திய பத்து வார்த்தையில் பெரியப்பா எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டார். மாசா மாசம் கொட்டிக் கொடுக்கிறான் என்று ஊருக்குக் கேட்கிறமாதிரி அவர் கத்தியது அதற்குப் பிறகுதான். தம்பியின் வீட்டில் பணமில்லை என்பதைவிட, தம்பி பெண்டாட்டிக்குப் பொறுப்பில்லை என்பது பரவாயில்லை என்று நினைத்திருக்கிறார். அம்மாவும் அதைப் புரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பழியை ஏற்றிருக்கிறாள். அடுத்தடுத்த வாசலில் இருந்தும் காரியத்துக்கு மட்டும் பேசிக்கொண்ட இரண்டு பேர். அன்றைக்கு இருவரும் பேசாமலே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிறகு அப்பா ஊருக்கு வந்து, பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, "எந்தப் பணம்? எந்த வண்டி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார் பெரியப்பா.

அந்த வாரம் எனக்கு இதில் எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வழக்கம்போல் போன் செய்தார். அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்ததால் நான் ஓடிப்போய் எடுத்தேன். அப்பாவிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்பா, கார் சூப்பரா ஓடுதுப்பா. பிரேக் தொட்டாலே நிக்குது. நீங்க பெரியப்பாவுக்குப் பணம் அனுப்புனீங்களாமே, அவரு சொல்லவே மறந்துட்டாருப்பா. இப்பதான் சொன்னாரு. தேங்க்ஸ்பா. அம்மா உங்களுக்குச் சொன்னாங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

"ஹலோ," என்றேன். "அப்பா, ஹலோ. கேக்குதா?" வெளிநாட்டு லைன் அடிக்கடி அப்படித்தான் ஆகும். இன்னும் சத்தமாக இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு, துணி மூட்டையோடு உள்ளே வந்த அம்மாவிடம் போனைக் கொடுத்தேன்.

"லைன் போயிடுச்சும்மா," என்றேன்.

அம்மா துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு போனைக் காதில் வைத்தாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. காதில் வைத்தபடியே கொல்லைக் கதவைத் தாண்டிப் போய் கிணற்றடியில் நின்றுகொண்டாள். வெகுநேரம் நின்றாள். வாய் அசையவே இல்லை. அறுந்துபோன லைனில் இவ்வளவு நேரம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வியந்துகொண்டே நான் விளையாடப் போனேன்.